வலியில்லாத காமாலைக்குப் பத்தியம் இருக்காதீர்கள்

இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது நோயாளி இவர். ஐம்பத்தெட்டு வயது விவசாயி. கண் மஞ்சளாகி இரண்டரை மாதம் ஆகிவிட்டது. உப்பில்லாப் பத்தியம், வெறும் வயிற்றில் கீழாநெல்லி, காமாலைக்குப் பேர்போன ஊரில் மூன்று முறை மருந்து. எட்டுக் கிலோ எடை குறைந்ததற்கும் பத்தியமே காரணம் என்று வீட்டார் நினைத்திருக்கிறார்கள். சிடி ஸ்கேனில் கணையத்தின் தலையில், அதாவது குடலை ஒட்டிய அகன்ற முனையில், கட்டி. பக்கத்திலுள்ள பெரிய இரத்தக் குழாயையும் வளைத்துப் பிடித்திருந்தது. அறுவைக்கு வழியில்லை.

கணையப் புற்றுநோயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தலைப்பகுதியில்தான் தோன்றுகிறது. பித்தக்குழாய் அதன் வழியாகத்தான் குடலுக்குப் போகிறது. கட்டி சிறிதாக இருக்கும்போதே குழாய் நெரிபட்டு, கண் மஞ்சளாகிவிடலாம். நடுப்பகுதியிலும் வாலிலும் வரும் கட்டிகளுக்கு இந்த முன்னறிவிப்பு கிடையாது. முதுகுவலியும் மெலிவுமாக அவை வெளிப்படும்போது பெரும்பாலும் நோய் பரவியிருக்கும். கணையத்தின் தலையில் கட்டி வந்தவருக்குக் கிடைக்கிற அந்த முன்னறிவிப்பைத்தான் கீழாநெல்லிச் சாற்றில் கரைத்துவிடுகிறோம்.

“பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கேட்டதே, டாக்டர்!” எத்தனை முறை கேட்டுவிட்டேன்! அந்தப் பையனுக்கு வந்தது பெரும்பாலும் வைரஸ் காமாலையாக இருக்கும். அது சில வாரங்களில் தானாகவே தணியும். பெயர் மருந்துக்குப் போகும். காமாலை ஒரு நோயே அல்ல, அடையாளம். கல்லீரல் கெட்டாலும் வரும், குழாய் அடைத்தாலும் வரும். அடைப்பைப் பத்தியம் திறக்காது. “வலியே இல்லையே” என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். ஐம்பதைத் தாண்டியவருக்குக் காய்ச்சலும் வலியும் இல்லாமல் மஞ்சள் ஏறிக்கொண்டே போனால்தான் எனக்குக் கவலை.

பித்தக்குழாய்க் கல்லாகவும் இருக்கலாம், பார்த்தால்தானே தெரியும்? அல்ட்ராசவுண்டில் வாயு மறைத்துக் கணையம் தெரியவில்லை என்றால், கணையம் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. குழாய் விரிந்திருந்தால் சாய மருந்து செலுத்திய சிடி ஸ்கேன் வேண்டும். இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: அவசரம் இல்லாவிட்டால், அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட்டை வைக்கும் முன்பே அந்த ஸ்கேனை எடுத்துவிடுங்கள். பிறகு படம் தெளிவாக இராது.

கணையப் புற்றுநோய்க்குப் புகையும் ஒரு காரணம், புகைப்பதை விடுங்கள். ஐம்பதுக்கு மேல் திடீரெனச் சர்க்கரை வந்து உடலும் இளைத்தால், மாத்திரையோடு நிறுத்தாதீர்கள், கணையத்தையும் பார்த்துவிடுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, வீடியோ அழைப்பில் அப்பாவின் கண் மஞ்சளாகத் தெரிந்தால், மலம் சுண்ணாம்பு போல் வெளுத்திருக்கிறதா, உடம்பெல்லாம் அரிக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆம் என்றால் அந்த வாரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.