பழகாத மணமும் பழகாத துணியும்

காலை 7.15 மணிக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி 11ஆம் மாடியில் வந்து நிற்கும்போது, அதற்குள் அன்று யார் யார் ஏறி இறங்கினார்கள் என்பது எனக்கு மணத்தாலேயே தெரிந்துவிடும். மேல்மாடி மாமி தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய், பள்ளிச் சீருடைகளில் தங்கிய சலவைத்தூள், யாரோ பொட்டலமாகக் கொண்டுபோன நாசி லெமாக்கின் பாண்டான் இலை வாசம், எல்லாவற்றுக்கும் அடியில் முந்தைய நாள் தரை துடைத்த திரவத்தின் நெடி. உடன் ஏறுகிறவர்களுக்கும் இவை எட்டாமல் இல்லை. ஆனால் கதவு மூடும்போது அவர்களுக்குத் தெரிந்த மணம், 7ஆம் மாடிக்கு வருவதற்குள் தெரியாமல் போய்விடுகிறது. எனக்கு அது தரைத்தளம் வரையிலும் கூடவே வரும். பல நாள்களில் பேருந்து நிறுத்தத்திலும் விடாது.

எங்கள் சிங்கப்பூர்ச் செய்தித்தாளில் ‘மதியிறுக்கம்’ என்று எழுதப்படும், மூளை உணர்வுகளையும் உறவாடலையும் வேறு விதமாகக் கையாளும் ஆட்டிசம் எனக்கு இருப்பது 28ஆம் வயதில்தான் உறுதியானது. இறுக்கம் என்ற சொல் எனக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை, ஏனெனில் என் தொல்லைகளில் பாதி, மூடியிருக்க வேண்டிய ஒரு கதவு மூடாமல் இருப்பதால் வருபவை. அந்தக் கதவைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். சிறு வயதிலிருந்து மணத்துக்கும் துணிக்கும் நான் முகம் சுளிக்கும்போதெல்லாம் பெரியவர்கள் சொல்லிவந்த ஆறுதல், “கொஞ்ச நேரம் பொறுத்துக்கோம்மா, பழகிடும்” என்பது. அன்போடு சொன்ன சொல்தான். ஆனால் பழகுதல் என்பது மன உறுதியால் நடப்பதன்று. நரம்புகள் செய்யும் வேலை அது. அந்த வேலைதான் என் போன்றவர்களின் உடலில் வேறு விதமாக நடக்கிறது.

மூக்கின் உட்கூரையில், தபால்தலை அளவே இருக்கும் ஒரு திசுப்படலத்தில், மணமூலக்கூறுகளைப் பிடிக்கும் நரம்பணுக்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வோர் அணுவும் மணமூலக்கூறு வந்து ஒட்டும் ஏற்பிகள் என்னும் புரதங்களின் ஏறத்தாழ 400 வகைகளில் ஒன்றைத் தாங்கி நிற்கிறது. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே மணம் தொடர்ந்து வந்தால் இந்த அணுக்கள் சில விநாடிகளிலேயே தணியத் தொடங்கும்: மணமூலக்கூறு ஒட்டியதும் அணுவுக்குள் பாயும் கால்சியமே, தான் பாய்ந்து வந்த வழியைச் சற்று அடைக்கும் வேலையையும் செய்துவிடுகிறது. அடுத்த கட்டமாக, மூளையின் மேலடுக்கான புறணியில் மணத்தை இனங்காணும் பகுதியும் மாறாத மணத்துக்கு மறுமொழி தருவதை விரைவாகக் குறைத்துக்கொள்கிறது. மின்தூக்கியில் என் அண்டை வீட்டாருக்கு மணம் ‘மறைவது’ இப்படித்தான். காற்றில் ஒன்றும் குறையவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் கேட்பதை நிறுத்திவிட்டார், அவ்வளவே.

மணத்துக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. பார்வை, ஒலி, தொடுகை ஆகியவை மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்னும் நிலையத்தில் இறங்கி ஏறித்தான் புறணிக்குச் செல்கின்றன. மணமோ அங்கே நிற்காமல் நேரே மணப்புறணிக்கும், அச்சத்தையும் எச்சரிக்கையையும் கையாளும் அமிக்டலாவுக்கும் போய்ச் சேர்கிறது. ‘இது வெறும் சலவைத்தூள்’ என்று அறிவு சொல்லி முடிப்பதற்குள் உடல் பதறி முடித்திருப்பதற்கு இந்தக் குறுக்குவழியும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

அப்படியானால் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மூக்கு கூர்மையா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், சிலர் பாராட்டவும் செய்கிறார்கள். ஆனால் எவ்வளவு மெல்லிய மணத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது என்று அளந்த ஆய்வுகள் ஒரே விடையைத் தரவில்லை. சிலவற்றில் கூர்மை கூடுதல், சிலவற்றில் குறைவு, சிலவற்றில் வேறுபாடே இல்லை. இதைவிடத் தெளிவான வேறுபாடு, மணம் வந்த பிறகு உடல் என்ன செய்கிறது என்பதில் தெரிந்தது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் நோம் சோபெல் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 36 குழந்தைகள் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் மூக்கருகே நறுமணமும் துர்நாற்றமும் மாறி மாறி அனுப்பப்பட்டன. ரோஜா, ஷாம்பு ஒரு பக்கம். புளித்த பால், அழுகிய மீன் மறுபக்கம். ஆட்டிசம் இல்லாத குழந்தைகள் நாற்றம் வந்த 305 மில்லிவிநாடிக்குள், தாங்களே அறியாமல், மூச்சிழுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆட்டிசம் உள்ள மற்ற 18 பேரோ ரோஜாவை எப்படி இழுத்தார்களோ அப்படியே அழுகிய மீனையும் இழுத்தார்கள். மூச்சுக்கும் மணத்துக்கும் இடையே தானாக விழவேண்டிய தாழ்ப்பாள் விழவில்லை. இந்த ஆய்வைப் படித்த அன்று, மீன்கடைப் பக்கம் நான் மட்டும் ஏன் வேண்டுமென்றே மூச்சை அடக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு முதன்முறையாக ஒரு காரணம் கிடைத்ததாக உணர்ந்தேன்.

தொடுகையின் கதை தீபாவளிச் சட்டையிலிருந்து தொடங்குகிறது. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய பட்டுப்பாவாடைச் சட்டையின் கழுத்தோரம் சரிகை வைத்துத் தைத்திருந்தார்கள். உள்பக்கம் திருப்பிப் பார்த்தால், சரிகை நூல்களின் அறுத்த முனைகள் ஒவ்வொன்றும் குத்திட்டு நின்றன. தையல் மடிப்பு ஒரு கயிறு போல் தடித்திருந்தது. நிறுவனத்தின் பெயர் போட்ட துணித்துண்டு பிளாஸ்டிக் இழையால் தைக்கப்பட்டிருந்தது. இனிப்பும் விருந்தாளிகளுமாக வீடு நிறைந்திருந்த அந்தக் காலைப்பொழுது முழுவதும் என் நினைவில் இருப்பது அந்தக் கழுத்துப்பட்டி ஒன்றுதான்.

1944இல் வியன்னாவில் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதிய கட்டுரையில், தாம் பார்த்த குழந்தைகள் சிலர் புதுச் சட்டையின் முரட்டுத்தன்மையைப் பொறுக்கமாட்டார்கள் என்ற குறிப்பு இருக்கிறது. அவர் நாஜி ஆட்சியின் குழந்தைக் கொலைத் திட்டத்துக்குத் துணைபோனதை 2018இல் வெளியான ஆவண ஆய்வு காட்டியது. அதைச் சொல்லாமல் அவர் பெயரை எழுத என்னால் இயலாது. ஆயினும் அந்தப் புதுச் சட்டை உண்மை. இத்தனை காலத்துக்கு முன்பே பதிவான இந்த மிகையுணர்வு, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஆட்டிசத்துக்கான அடையாளங்களுள் ஒன்றாக இடம்பெற 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை ‘பிடிவாதம்’ என்று பெயர் வாங்கிய குழந்தைகள் எத்தனை பேரோ.

தோலில் ஏற்படும் மெல்லிய அழுத்தத்தை மின்குறிப்பாக மாற்றுவது பீசோ2 என்ற புரதம். ஆர்டெம் படபூட்டியன் குழுவினர் 2010இல் அதைக் கண்டுபிடித்தனர். அவருக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தோலிலிருந்து கிளம்பும் குறிப்பு நேரே மூளைக்குப் போய்விடுவதில்லை. தொடு நரம்பு தண்டுவடத்துக்குள் நுழைகிற இடத்திலேயே, காபா என்னும் வேதிப்பொருள் அந்த நரம்பின் முனையில் செயல்பட்டுக் குறிப்பின் உரத்தைத் தணிக்கிறது. உடுத்திய துணி உடம்பில் இருப்பதே நமக்கு மறந்துபோவதற்கு, தோலிலுள்ள ஏற்பிகள் ஓய்ந்துபோவதோடு இந்த வாயிற்காவலும் காரணம்.

இந்த வாயிலைப் பற்றி ஹார்வர்டில் லாரன் ஓரெஃபிஸும் டேவிட் ஜிண்டியும் 2016இல் வெளியிட்ட எலி ஆய்வு என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. ஆட்டிசத்தோடு தொடர்புடைய சில மரபணுக்களை அவர்கள் மூளையில் தொடாமல் விட்டுவிட்டு, உடலின் தொடு நரம்புகளில் மட்டும் நீக்கினார்கள். காபாவை ஏற்கும் அமைப்பு குறைந்துபோன அந்த நரம்புகள் சிறு காற்றூதலுக்கே எலிகளைத் துள்ள வைத்தன. அதோடு நிற்காமல், அந்த எலிகள் பதற்றம் மிகுந்து மற்ற எலிகளிடமிருந்து ஒதுங்கியும் இருந்தன. வளர்ந்த எலிகளில் அதே மரபணுவை நீக்கியபோதோ தொடுகை மிகையானது, பதற்றமும் ஒதுங்குதலும் வரவில்லை. எலி மனிதரன்று, இதை வைத்து மனிதர்களைப் பற்றி முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனாலும், தொட்டால் விலகும் குழந்தையைப் பார்த்து ‘இதற்கு மனிதர்கள் வேண்டாம்’ என்று முடிவு செய்பவர்கள், காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்துப் பார்க்கிறார்களோ என்று கேட்க இந்த ஆய்வு இடம் தருகிறது.

மனித மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில் கிடைத்தது இன்னும் நேரடியானது. கலிஃபோர்னியாவில் ஷூலமைட் கிரீன் குழுவினர், இளையர்களின் கையில் முரட்டுக் கம்பளியை உரசியும் போக்குவரத்து இரைச்சலை ஒலிக்க வைத்தும் எடுத்த படங்களை 2015இல் வெளியிட்டார்கள். ஆட்டிசமும் மிகையுணர்வும் சேர்ந்து இருந்தவர்களின் அமிக்டலாவிலும் உணர்வுப் புறணியிலும், உரசல் தொடரத் தொடரத் தணியவேண்டிய மறுமொழி மற்றவர்களுக்குத் தணிந்த அளவு தணியவில்லை. ஆட்டிசம் இருந்தும் மிகையுணர்வு இல்லாதவர்களுக்குத் தணிந்தது. அவர்கள் மூளையின் முன்பகுதி அமிக்டலாவை அடக்கும் அறிகுறியும் தெரிந்தது. ஆட்டிசம் என்றாலே இப்படித்தான் என்று சொல்ல முடியாததும், ‘பழகிடும்’ என்ற சொல் எனக்கு ஏன் பலிக்கவில்லை என்பதும், இரண்டும் இந்த ஒரே படத்தில் தெரிகின்றன.

ஆனால் தொடுகை என்றாலே எனக்கு ஆகாது என்று எண்ணிவிட வேண்டாம். சனிக்கிழமைகளில் பாட்டி நல்லெண்ணெயைக் காய்ச்சி, என் உச்சந்தலையில் வைத்து, முதுகுத்தண்டு வரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிடுவார். சருமம் சிவந்துவிடும் அளவுக்கு அழுத்தம். அந்த அரைமணி நேரத்தைப் போல் என் உடல் அமைதியாக இருந்த வேறு நேரம் வாரத்தில் இல்லை. அதே பாட்டி போகிறபோக்கில் கன்னத்தை விரல் நுனியால் வருடினால் நான் சுருங்கிப்போவேன், அவர் முகமும் வாடிவிடும். இரண்டும் வேறு வேறு நரம்புகளின் வேலை என்று அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது. ரோமமுள்ள தோலில், விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் செல்லும் மெல்லிய வருடலுக்கென்றே மெதுவாகச் செய்தி கடத்தும் ஒரு நரம்பு வகை உண்டு; அதன் செய்தி உணர்ச்சியோடு தொடர்புடைய மூளைப்பகுதிக்குப் போகிறது. பெரும்பாலோருக்கு அது கொஞ்சல். எனக்கு அது எறும்பு ஊர்வது. ஆழ்ந்த அழுத்தமோ தசையிலும் தோலின் உட்புறத்திலும் உள்ள வேறு ஏற்பிகள் வழியாகச் செல்கிறது. ஆட்டிசம் உள்ள அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின், இருபுறமும் பலகை அழுத்தும் பொறி ஒன்றை 1960களில் தமக்காகவே செய்துகொண்டார். எனக்குப் பாட்டியின் கை இருந்தது.

சிங்கப்பூரின் வானிலை இவை அனைத்தையும் ஒரு படி கூட்டுகிறது. இங்கே சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல்; பகலில் 31, 32 பாகை. வெப்பத்தில் மணமூலக்கூறுகள் எளிதாக ஆவியாகி எழுகின்றன. வியர்வையில் ஊறிய தோலின் மேற்படலம் மென்மையாகி, துணியோடு உராய்வது அதிகமாகிறது. குளிரூட்டிய அறையில் உறுத்தாத தையல், பேருந்து நிறுத்தத்தில் உறுத்துகிறது. சிராங்கூன் சாலையின் பூக்கடை வரிசையில் மல்லிகை எல்லாரையும் ஈர்க்கிறது. அதன் மணத்தில் இண்டோல் என்ற பொருளும் சேர்ந்திருக்கிறது, மலத்தின் நாற்றத்திலும் அது உண்டு. பத்து நிமிடம் நின்றால் எனக்கு அந்த இண்டோல் மட்டுமே மிஞ்சும்.

நம் ஊர் மணத்தின் வலிமையை அறியாத ஊரன்று. பெருவிரைவு ரயிலில் டுரியான் கொண்டுபோகக் கூடாது. அந்தப் பழத்தின் மரபணுத் தொகுதியை 2017இல் படித்து வெளியிட்டவர்களும் சிங்கப்பூர் விஞ்ஞானிகளே; கந்தகச் சேர்மங்களை உருவாக்க உதவும் ஒரு மரபணு அதில் பல படிகளாகப் பெருகியிருப்பதை அவர்கள் கண்டார்கள். எல்லாருக்கும் பொதுவாகத் தாங்காத மணத்துக்குத் தயக்கமின்றி விதி செய்தோம். சிலருக்கு மட்டும் தாங்காத மணம் என்றால் அது அவர்களின் சொந்தச் சிக்கலாகிவிடுகிறது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், சுவரில் பொருத்திய கருவி கால்மணி நேரத்துக்கு ஒருமுறை வாசனைத் திரவத்தைத் தெளிக்கும். விட்டு விட்டுத் தெளித்தால்தான் பழகிப்போன மூக்குகள் இடையில் மீண்டு, மறுபடி மணத்தை உணரும். ஆக, பழகுதலை முறியடிக்கவென்றே அமைந்த கருவியின் கீழே என்னை உட்கார வைத்து, பழகிவிடும் என்றார்கள். இருக்கையை மாற்றித் தரும்படி மூன்று முறை கேட்டேன். மதியத்துக்குள் தலைவலி, மாலையில் பேச முடியாத களைப்பு. எட்டு மாதத்தில் விலகினேன்.

எதிர்பார்த்த தொடுகையை மூளை தானே தணித்துக்கொள்ளும். நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாதது அதனால்தான். ஆட்டிசத்தில் இந்த எதிர்பார்ப்பின் பிடி தளர்ந்திருக்கிறது, அதனால் ஒவ்வோர் உணர்வும் புதிதாகவே வருகிறது என்ற கருத்தை 2012இல் எலிசபெத் பெலிக்கானோவும் டேவிட் பர்ரும் முன்வைத்தார்கள். இது இன்னும் விவாதத்தில் உள்ள கருத்து. ஆனால் தோளைத் தொடுவதற்கு முன் பெயர் சொல்லி அழைப்பதும், பின்னாலிருந்து வராமல் கண்ணெதிரே வருவதும் எனக்கு உதவுகின்றன. மணமில்லாத சலவைத்தூள், உள்பக்கம் வெளியே வருமாறு போட்டுக்கொள்ளும் பனியன், எலுமிச்சைத் தோலைக் கசக்கி வைத்த கைக்குட்டை, இவையும் உதவுகின்றன. எந்த மணம் வரப்போகிறது என்று நானே அறிந்து முகர்வது அந்த எலுமிச்சை ஒன்றைத்தான்.

சென்ற தீபாவளிக்கு அம்மா புதுச்சட்டையை மூன்று வாரம் முன்னதாகவே வாங்கிவிட்டார். கஞ்சி போகும் வரை நான்கு முறை வெறும் தண்ணீரில் அலசினார். பெயர்த்துண்டைக் கத்தரிக்காமல் தையலோடு பிரித்தெடுத்தார். கத்தரித்தால் முனை மிஞ்சும் என்று அவரே சொன்னார். அதிகாலையில் சட்டையின் ஓரத்தில் மஞ்சள் தடவி, எனக்கு முன்னால் வந்து நின்று, “தலைல கை வைக்கட்டுமாம்மா?” என்று கேட்டார். நான் தலையாட்டியதும் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். அந்தச் சட்டையை மதியச் சாப்பாடு வரை போட்டிருந்தேன்.