எல் டொராடோ: அது ஊர் இல்லீங்க, ஆளு

நேத்தும் ஒரு வீடியோ, எடுத்ததுமே "எல் டொராடோ, அதாவது தங்க நகரம், நிஜமா கட்டுக்கதையா?"ன்னு ஆரம்பிக்கிறாங்க. பேரையே தப்பா சொல்லிட்டு அப்புறம் என்ன நிஜத்தைத் தேடுறது?

ஸ்பானிஷ்ல தொரார்னா பொன் பூசுறது, தொராதோன்னா பூசப்பட்டவன், எல்ங்கிறது ஆண்பாலுக்கு முன்னாடி வர்றது, அவ்வளவுதான். நகரத்துக்கு அங்க சியுதாத்னு பேரு, அது பெண்பால், அப்போ லா சியுதாத் தொராதான்னுல்ல வந்திருக்கணும்? (டொராடோவும் இங்கிலீஷ் வழியா வந்த உச்சரிப்புதான், நம்ம த-வே அவங்க ஒலிக்குக் கிட்ட இருக்கு, சரி போகட்டும்.)

இப்ப யாரு அந்த ஆளு? கொலம்பியாவுல பொகோட்டாவுக்குப் பக்கத்துல குவாட்டாவிட்டான்னு ஒரு ஏரி. அங்க இருந்த பழங்குடிகளான முயிஸ்கா மக்கள்ல புதுசா பட்டத்துக்கு வர்ற தலைவன் உடம்பெல்லாம் பிசின் தடவி பொன்தூள் பூசிக்கிட்டு தெப்பத்துல ஏரி நடுவுக்குப் போய், பொன்னையும் மரகதத்தையும் தண்ணியில போடுவானாம். இது வெறும் வாய்க்கதைன்னு தள்ளிட முடியாது, 1969ல பாஸ்கா பக்கம் ஒரு குகையில, நடுவுல தலைவனும் சுத்தி ஆளுங்களும் நிக்கிற பொன் தெப்பம் ஒண்ணு கிடைச்சுது, சுமார் 20 செ.மீ. நீளம், இப்போ பொகோட்டா தங்க மியூசியத்துல இருக்கு. ஆனா நகரம்? முயிஸ்காக்கள் உப்பையும் மரகதத்தையும் குடுத்துதான் பெரும்பாலும் பொன்னையே வாங்கினாங்க, அதுலயும் செம்பு கலந்துதான் சிலை வார்த்தாங்க. விலைக்கு வாங்கின பொன்னுல யாராவது ஊரே கட்டுவாங்களா?

ஆளை ஊராக்கினது முதல்ல நம்ம ஆளுங்க இல்ல, ஐரோப்பாக்காரங்கதான், அதை ஒத்துக்கிறேன். வால்டர் ராலேங்கிற இங்கிலாந்துக்காரர் 1595ல கயானா பக்கம் மனோவான்னு ஒரு பொன் நகரத்தைத் தேடிப் போனாரு, 1617ல மறுபடி போனாரு, ஒண்ணும் கிடைக்கல, 1618ல தலையே போச்சு. அந்தத் தப்பை இன்னும் நாம எதுக்குத் தமிழ்ல சுமக்கணும்?

சில தனித்தமிழ் நண்பர்கள் "பொன்னகரம்"னு போடுறாங்க. காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா அதே தப்பு, பட்டு வேட்டி கட்டிக்கிட்டு வருது. "பொன்னன்"னா? பழைய நூல்கள்ல அது இரணியன் பேரு, தூணைப் பிளந்துக்கிட்டு நரசிம்மம் வந்துரும். "பொன்மேனியன்"னா மேனியே பொன் நிறம்னு ஆயிடும், இவன் பூசிக்கிட்டவன், குளிச்சா போயிரும். ஒருத்தர் "பொற்பூச்சன்"னாரு, எனக்குப் பூச்சிதான் ஞாபகம் வந்துச்சு. முலாம் பூசினவன்னா போலி நகை மாதிரி ஆயிடுது. "பொன் பூசியவன்"னு எழுதிட்டுப் போங்களேன், குழந்தைக்குக்கூடப் புரியும், ஆண்பாலும் மூலத்தோட ஒட்டுது.

இன்னொண்ணு, அந்த வீடியோ தலைப்புல வர்ற "புதையல்". புதைச்சாத்தான் புதையல், பின்னாடி எடுத்துக்கலாம்னு ஒளிச்சு வைக்கிறது. தண்ணியில போட்டது காணிக்கைங்க, யாரும் தொலைக்கவும் இல்ல ஒளிக்கவும் இல்ல. காணிக்கைன்னு எழுதியிருந்தா அதை அள்ளுறது கொள்ளைன்னு படிக்கிறவனுக்குத் தானா தோணியிருக்கும், புதையல்னதும் அள்ளுறவன் வீரனாயிடுறான். 1580கள்ல செபுல்வேதான்னு ஒருத்தர் ஏரிக்கரையையே வெட்டி தண்ணியை இறக்கினாரு, கொஞ்சம் பொன் கிடைச்சுது, வெட்டின இடம் சரிஞ்சு நிறைய வேலையாட்கள் செத்தாங்க. 1900களோட தொடக்கத்துல ஒரு ஆங்கிலேயக் கம்பெனி மொத்தத் தண்ணியையும் வடிச்சுது, அடிச்சேறு வெயில்ல சிமெண்ட் மாதிரி இறுகிப்போச்சு. 1965ல அரசாங்கமே இனி யாரும் கை வைக்கக் கூடாதுன்னு பாதுகாப்பு போட்டுருச்சு. அந்த வீடியோவுல இதையெல்லாமும் சொன்னாங்க, தலைப்பு மட்டும் "தொலைந்த தங்க நகரத்தின் புதையல்". நாலு சொல்லுல மூணு தப்பு.