சூழ்புகை: 'செகண்ட் ஹேண்ட்' என்ற சொல்லில் உள்ள சிக்கல்

செகண்ட் ஹேண்ட் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பைக், கார், செல்ஃபோன். ஒருவர் ஓட்டித் தேய்த்தது. விலையும் பாதி, வலுவும் பாதி. ஒருவர் புகைக்க, அருகில் இருப்பவர் சுவாசிக்கும் புகையை 'செகண்ட் ஹேண்ட் ஸ்மோக்' என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்கும் பெற்றோரின் மனத்திலும் இதே கணக்குதான் ஓடுகிறது. அப்பா இழுத்துவிட்ட மிச்சம்தானே, ஜன்னலைத் திறந்துவைத்தால் போதாதா?

உண்மை நேர் எதிர். அறையில் சேரும் புகையில் சுமார் 85 விழுக்காடு யார் வாயிலிருந்தும் வருவதில்லை. விரலிடுக்கில் சிகரெட் சும்மா புகைந்துகொண்டிருக்கும்போது நுனியிலிருந்து கிளம்புவது அது. வடிகட்டிப் பஞ்சையும் தொடாது, நுரையீரலையும் தொடாது. இழுக்காதபோது நுனி குறைந்த வெப்பத்தில் எரிவதால் பல நச்சுப்பொருள்கள் அதில் இன்னும் அடர்த்தியாகவே இருக்கின்றன. பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது என்பதால், 'புகை போயிடுச்சு' என்று நாம் சொல்லும்போது அது போயிருக்காது.

இப்படிப் பிறர் விட்ட புகையைச் சுவாசிப்பதற்கு முந்தைய பெயர் 'பாசிவ் ஸ்மோக்கிங்'. 1930களில் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரிட்ஸ் லிக்கின்ட் எழுதிய 'பாசிவ்ரௌஹன்' என்ற சொல்தான் இதன் மூலம் என்பார்கள். சொல் பரவலாகப் பேசப்பட்டது பிற்பாடுதான். புகைக்கும் கணவர்களோடு வாழும், தாங்கள் புகைக்காத மனைவியருக்கும் நுரையீரல் புற்றுநோய் கூடுவதை 1981இல் ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிரயாமா காட்டினார்.

தமிழில் இதைச் 'செயலற்ற புகைத்தல்' என்று பெயர்த்தார்கள். எனக்கு இது ஒட்டவே இல்லை. பாசிவ் என்றதும் இலக்கண வகுப்பின் செயப்பாட்டுவினைதான் ஞாபகம் வருகிறது: குழந்தை புகைக்கப்பட்டது! சிரிப்பு வந்தாலும், 'செயலற்ற' என்பதைவிட இதில் உண்மை கூடுதல். 'மறைமுகப் புகை' என்பதும் புழக்கத்தில் உண்டு. கைக்குழந்தையின் மூக்குக்கு நேராகப் போவதில் என்ன மறைமுகம்?

உலக சுகாதார அமைப்பின் புகையிலை உடன்படிக்கைக்கு 2007இல் ஏற்கப்பட்ட வழிகாட்டுதலும் 'பாசிவ்' என்ற சொல்லைத் தவிர்க்கச் சொல்கிறது. 'விரும்பி சுவாசித்தால் பரவாயில்லை' என்று வாதாட அது புகையிலை நிறுவனங்களுக்கு வழிவிடும் என்பது காரணம். அது ஏற்கும் பெயர்களில் ஒன்று 'பிறர் புகை'. அழகான சொல்தான். ஆனால் வீட்டுக்குள் வரும்போது இடிக்கிறது. எந்த அப்பாவும் தன்னைத் தன் குழந்தைக்குப் 'பிறர்' என்று நினைப்பதில்லை. பஸ் நிறுத்தத்தில் புகைப்பவரை முறைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்கிற அதே ஆள், வீட்டு வராந்தாவில் பற்றவைப்பார்.

அதனால் என் தேர்வு 'சூழ்புகை'. சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் புகை. வினைத்தொகை என்பதால் மூன்று காலமும் அடங்கிவிடுகிறது. யார் விட்டது என்ற கேள்வியே இதில் எழாது. குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சுவிடும், எழுந்து வெளியே போகவும் அதனால் முடியாது. சூழ்ந்ததையெல்லாம் உள்ளே இழுக்கிறது. ஆஸ்துமா, காதுத் தொற்று, தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணம் ஆகியவற்றோடு சூழ்புகைக்கு உள்ள தொடர்பு உறுதியானது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என 2006இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை சொல்லிவிட்டது.

சரி, வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தால்? அதற்கும் ஒரு சொல் வந்துவிட்டது: 'தேர்ட் ஹேண்ட் ஸ்மோக்'. சட்டை, தலைமுடி, சோபா, கார் இருக்கை என்று படிந்து கிடக்கும் நச்சு. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், புகைப்பவர்களிலேயே 84 விழுக்காட்டினர் சூழ்புகை குழந்தைகளுக்குக் கெடுதல் என்று ஒப்புக்கொண்டார்கள். படிந்த புகையும் கெடுதல் என்றவர்கள் 43 விழுக்காடுதான். அப்படி நம்பியவர்களின் வீடுகளில் புகைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அதிகம் இருந்தது.

இதை நான் 'படிபுகை' என்பேன். பால்கனியில் பிடித்து முடித்துவிட்டு, அதே சட்டையோடு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொள்கிறோமே, அதன் கன்னம் படுகிற இடத்தில் இருப்பது.