1.84 எம்.பி.யை எப்படிச் சபைக்கு அனுப்புவது?

1792-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் டெலவேர் மாநிலத்துக்குச் சேர வேண்டிய இடங்கள் 1.84. வர்ஜீனியாவுக்கு 20.93. நியூயார்க்குக்கு மட்டும் அதிர்ஷ்டம், 11.004 என்று ஏறக்குறைய முழு எண்ணாகவே வந்து நின்றது. 120 இடங்களை 15 மாநிலங்களுக்கு மக்கள்தொகைப்படி பிரித்தால் கிடைக்கும் எண்கள் இவை. தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை யாரும் நாற்காலியில் உட்கார வைக்க முடியாது. அந்த 0.84-ஐ ஒன்றாக்குவதா, தள்ளிவிடுவதா என்ற தகராறில்தான் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் தன் முதல் வீட்டோவை, அதாவது நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை, பயன்படுத்தினார். அமெரிக்க வரலாற்றிலேயே முதல் வீட்டோவும் அதுதான்.

பின்னத்துக்குப் போய் இவ்வளவு சண்டையா என்று தோன்றலாம். ஆனால் அந்த நாடு பிறந்ததே இந்த மாதிரி ஒரு சண்டையில்தான். லண்டன் நாடாளுமன்றத்தில் எங்களுக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லை, பிறகு எங்கள் மீது எப்படி வரி போடுகிறீர்கள் என்பதுதான் 1765-ன் முத்திரைத்தாள் வரியிலிருந்து அமெரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் குடியேற்றங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. போரில் வென்ற பிறகு அதே கேள்வி வீட்டுக்குள் வந்துவிட்டது. முதலில் இருந்த கூட்டமைப்பில் மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. ஆறு லட்சத்துக்கு மேல் கணக்கில் வரும் வர்ஜீனியாவும் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத டெலவேரும் சரிசமம். 1787 கோடையில் பிலடெல்பியாவில் புதிய அரசியல் சட்டம் எழுதக் கூடியவர்கள் இதில் மோதி, கடைசியில் ஜூலை 16 அன்று ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். செனட்டில் எல்லா மாநிலங்களும் சமம், பிரதிநிதிகள் சபையில் தலைக்கணக்கு.

அதே மாநாட்டின் கடைசி நாள், செப்டம்பர் 17. சட்டத்தைத் தோல் தாளில் அழகாக எழுதி, கையெழுத்துப் போடத் தயாராக வைத்தாகிவிட்டது. அப்போது மாசசூசெட்ஸின் நதானியேல் கோரம் எழுந்து, 40,000 பேருக்கு ஒரு பிரதிநிதி என்பதை 30,000 பேருக்கு என்று மாற்றலாமே என்றார். மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விவாதம் எதிலும் வாய் திறக்காமல் இருந்த வாஷிங்டன் இதற்காக எழுந்து ஆதரித்துப் பேசினார். யாரும் எதிர்க்கவில்லை. அந்தத் தாளில் ‘நாற்பது’ என்று எழுதியிருந்த சொல்லைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் ‘முப்பது’ என்று எழுதினார்கள். மூலப் பிரதியில் அந்தத் திருத்தம் இன்றும் இருக்கிறது.

திருத்தினார்களே தவிர, வாக்கியத்தைத் தெளிவாக்கவில்லை. பிரதிநிதிகளின் எண்ணிக்கை 30,000 பேருக்கு ஒருவர் என்பதைத் தாண்டக்கூடாது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறைந்தது ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எப்படிப் பிரிப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. 30,000 என்ற வரம்பு நாட்டின் மொத்தத்துக்கா, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாகவா என்றும் சொல்லவில்லை. இந்த ஓட்டை வழியாகத்தான் ஐந்து வருடம் கழித்துப் பிரச்சினை நுழைந்தது.

அதற்கு முன் தலைகளை எண்ண வேண்டும். 1790 ஆகஸ்டில் தொடங்கிய முதல் சென்சஸில் நீதிமன்ற மார்ஷல்களின் உதவியாளர்கள் குதிரையிலும் நடந்தும் வீடு வீடாகப் போனார்கள். அச்சடித்த படிவம் கிடையாது. தாளைக்கூட அவர்களே வாங்கிக் கோடு போட்டுக்கொண்டார்கள். மொத்தம் 39,29,214 பேர் என்று முடிவு வந்தது. இடப் பங்கீட்டுக்கு எடுத்துக்கொண்ட எண்ணோ 36,15,920. நடுவில் காணாமல் போன மூன்று லட்சம் யார் என்றால், பெரும்பகுதி அடிமைகள். ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட வேண்டும் என்று அரசியல் சட்டம் சொன்னது. வர்ஜீனியாவில் 2,92,627 அடிமைகள் இருந்தார்கள். ஓட்டுரிமை இல்லாத அவர்கள் பங்கீட்டில் 1,75,576 பேராக மாறி, ஐந்து இடங்களுக்கு மேல் தங்கள் எஜமானர்களின் மாநிலத்துக்குச் சம்பாதித்துக் கொடுத்தார்கள். இனி கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் அடியில் இந்த எண் கிடக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு மாநிலத்தின் மக்கள்தொகையையும் 30,000-ஆல் வகுத்து, ஈவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டால் மொத்தம் 112 இடங்கள் வருகின்றன. நாட்டின் மொத்தத்தை 30,000-ஆல் வகுத்தால் 120 வருகிறது. மாநிலம் மாநிலமாக விட்ட மீதிகளெல்லாம் சேர்ந்து எட்டு இடங்களை விழுங்கிவிட்டன. மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில் நாடாளுமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது: மொத்தம் 120 இடங்கள், எட்டு கூடுதல் இடங்களும் எந்த எட்டு மாநிலங்களுக்குப் பின்னம் பெரியதோ அவற்றுக்கு. நிதி அமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் ஆதரித்ததால் இதை ஹாமில்டன் முறை என்பார்கள். பார்க்க எவ்வளவு நியாயம்! 1.84 இருந்தால் 2, 9.24 இருந்தால் 9.

வாஷிங்டன் நான்கு பேரிடம் கருத்துக் கேட்டார். ஹாமில்டனும் போர்த்துறை அமைச்சர் நாக்ஸும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வெளியுறவைக் கவனித்த தாமஸ் ஜெபர்சனும் தலைமை வழக்கறிஞர் எட்மண்ட் ராண்டால்ஃபும் வேண்டாம் என்றார்கள். அந்த எட்டு மாநிலங்களில் ஆறு வடக்குப் பக்கம். வேண்டாம் என்ற இரண்டு பேரும் வர்ஜீனியாக்காரர்கள். வாஷிங்டனும் வர்ஜீனியாக்காரர்தான். தெற்குக்குச் சாய்ந்துவிட்டார் என்று ஊர் சொல்லுமே என்ற தயக்கம் அவருக்கு நிறையவே இருந்தது. ஆனாலும் கெடு முடியும் வேளையில், 1792 ஏப்ரல் 5 அன்று மசோதாவைத் திருப்பி அனுப்பினார்.

காரணம் இரண்டு சொன்னார். ஒன்று, எந்த ஒரே எண்ணால் எல்லா மாநிலங்களையும் வகுத்தாலும் இந்த விடை கிடைக்காது. இரண்டு, எட்டு மாநிலங்களுக்கு 30,000 பேருக்கு ஒருவர் என்ற வரம்பைத் தாண்டிக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டாவதை நாமே சரிபார்க்கலாம். கனெக்டிகட்டுக்கு 2,36,841 பேர், 8 இடங்கள். இடத்துக்கு 29,605 பேர். டெலவேருக்கு 55,540 பேர், 2 இடங்கள். இடத்துக்கு 27,770 பேர். கூடுதல் இடம் வாங்கிய எட்டு மாநிலங்களுமே 30,000-க்குக் கீழே போய்விடுகின்றன. வரம்பு மாநிலத்துக்குத்தான் என்று வாசித்தால் வாஷிங்டன் சொன்னது பிசகே இல்லாத கணக்கு. மொத்தத்துக்குத்தான் என்று வாசித்தால் மசோதாவில் தவறே இல்லை. சட்டத்தை எழுதிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவருக்கே அது இரண்டு விதமாகப் படிக்கக் கிடைத்தது என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

ஒன்பது நாளில் புதுச் சட்டம் வந்துவிட்டது. இது ஜெபர்சன் வழி: ஒரு வகுக்கும் எண்ணைத் தேர்ந்தெடு, எல்லாரையும் அதே எண்ணால் வகு, மீதியைத் தயங்காமல் எறி. இந்தத் தடவை அந்த எண் 33,000. மொத்தம் 105 இடங்கள். ஒரே எண், எல்லாருக்கும் ஒரே விதி. இதில் பாரபட்சத்துக்கு எங்கே இடம்?

இருக்கிறது. 36,15,920-ஐ 105-ஆல் வகுத்தால் இடத்துக்குச் சராசரி 34,437 பேர். அதன்படி வர்ஜீனியாவின் நியாயமான பங்கு 18.31, டெலவேருடையது 1.61. இந்த எண்ணாலேயே எல்லாரையும் வகுத்து மீதிகளை எறிந்தால் 97 இடங்கள்தான் தேறும். இன்னும் எட்டு இடம் வேண்டுமே? அதற்காக வகுக்கும் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம். 33,000-க்கு இறக்கும்போது எல்லா மாநிலங்களின் பங்கும் 4.35 சதவீதம் ஏறுகிறது. எல்லாருக்கும் ஒரே சதவீதச் சம்பள உயர்வு கொடுத்தால் யாருக்கு அதிக ரூபாய் போகும் என்று அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வர்ஜீனியாவின் 18.31, ஒரே தாவில் 0.80 கூடி 19.11 ஆகிறது. டெலவேரின் 1.61 வெறும் 0.07 கூடி 1.68-ல் நின்றுவிடுகிறது. மீதியை எறிந்தால் வர்ஜீனியாவுக்கு 19, டெலவேருக்கு 1. அதாவது வர்ஜீனியாவில் 33,187 பேருக்கு ஒரு பிரதிநிதி, டெலவேரில் 55,540 பேருக்கு ஒருவர். அதே 105 இடங்களை ஹாமில்டன் முறையில் பிரித்திருந்தால் 18-ம் 2-ம் வந்திருக்கும். இந்த ஒரு இடம் யார் மாநிலத்துக்குப் போனது என்று பார்த்தால் ஜெபர்சனின் வாதத்தை முழுக்கத் தத்துவமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இது ஏதோ ஒரு வருடத்து விபத்தும் இல்லை. ஜெபர்சன் முறையில் பெரிய மாநிலம் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கும். 1832-ல் நியூயார்க்கின் பங்கு 38.59, கிடைத்ததோ 40. மேலே முழுதாக்கினாலும் 39-தானே வர வேண்டும்? அடுத்த சென்சஸோடு அந்த முறையைக் கைவிட்டு, பாதிக்கு மேல் இருந்தால் ஒன்றாக்கும் டேனியல் வெப்ஸ்டரின் முறைக்குப் போனார்கள். அப்புறம் 1850-களில், வாஷிங்டன் வீட்டோ செய்த ஹாமில்டன் முறையே வேறு பெயரில் திரும்பி வந்து சட்டமானது.

அப்போதுதான் அதன் குறையும் வெளிவந்தது. 1881-ல் சென்சஸ் அலுவலகத்தின் தலைமை எழுத்தர் சீட்டன், சபையில் 275 இடம் இருந்தால் யாருக்கு எத்தனை, 276 இருந்தால் எத்தனை என்று 350 வரை கணக்குப் போட்டுக்கொண்டே போனார். 299-ல் அலபாமாவுக்கு 8 இடங்கள். 300-க்குப் போனால் 7. சபை பெரிதாகிறது, மக்கள்தொகையில் ஒரு ஆள்கூட மாறவில்லை, ஆனால் ஒரு மாநிலத்துக்கு இடம் குறைகிறது!

மாயமொன்றும் இல்லை. 299 இடங்களில் அலபாமாவின் பங்கு 7.646, டெக்சஸ் 9.640, இல்லினாய் 18.640. கூடுதல் இடம் வாங்கும் வரிசையில் அலபாமா மயிரிழையில் முந்தி, கடைசி இடத்தைப் பிடித்துவிட்டது. சபையை 300 ஆக்கினால் எல்லாப் பங்குகளும் ஒரே விகிதத்தில் ஏறுகின்றன. பெரிய எண் அதிகமாக ஏறும். அலபாமா 7.671, டெக்சஸ் 9.672, இல்லினாய் 18.702. இரண்டு மாநிலங்களும் பின்னத்தில் அலபாமாவைத் தாண்டிவிட்டன. புதிதாக வந்ததோ ஒரே ஒரு இடம். இரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் இன்னொன்றை அலபாமாவிடமிருந்துதான் பிடுங்க வேண்டும். கணிதத்தில் இதற்கு அலபாமா முரண் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பின்னத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்து ஒப்பிடுவதுதான் இங்கே கோளாறு. 7-க்கு மேல் இருக்கும் 0.67-ம் 18-க்கு மேல் இருக்கும் 0.67-ம் ஒரே எடை என்று இந்த முறை நினைக்கிறது.

கோளாறில்லாத முறை ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாதா? 1980-களின் தொடக்கத்தில் மிஷேல் பாலின்ஸ்கியும் பெய்டன் யங்கும் முடியாது என்று நிரூபித்தார்கள். 18.31 என்றால் 18 அல்லது 19, அதைத் தாண்டக்கூடாது என்பது நாம் எதிர்பார்க்கும் ஒரு நியாயம். வேகமாக வளரும் மாநிலம் மெதுவாக வளரும் மாநிலத்திடம் இடத்தைப் பறிகொடுக்கக் கூடாது என்பது இன்னொரு நியாயம். இரண்டையும் எல்லாச் சமயத்திலும் காப்பாற்றும் முறை எதுவும் கிடையாது. ஹாமில்டன் முறை முதலாவதைக் காப்பாற்றி இரண்டாவதில் தவறும். ஜெபர்சன் முறை நேர் எதிர்.

1941 முதல் அமெரிக்கா பயன்படுத்துவது ஹண்டிங்டன்–ஹில் முறை. ஹில் சென்சஸ் துறையின் புள்ளியியலாளர், ஹண்டிங்டன் ஹார்வர்டின் கணிதப் பேராசிரியர். இதிலும் ஒரே வகுக்கும் எண்தான். எந்த இடத்தில் முழுதாக்குவது என்பதில்தான் வித்தியாசம். பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 1-க்கும் 2-க்கும் நடுவே அந்தக் கோடு 1.414. 20-க்கும் 21-க்கும் நடுவே 20.494. சின்ன மாநிலம் 0.42 தேறினாலே இரண்டாவது இடத்தைப் பிடித்துவிடலாம். பெரிய மாநிலத்துக்கு ஏறக்குறைய பாதி வேண்டும். விகிதத்தில் பார்த்தால் சின்ன மாநிலத்தில் ஏற்படும் பிழைதான் பெரிய அநியாயம் என்பது இதன் வாதம். 1790-ன் எண்களை இதில் போட்டுப் பார்த்தால் டெலவேருக்கு 2 கிடைத்திருக்கும்.

இந்த முறையும் சும்மா வந்துவிடவில்லை. 1941-ல் வெப்ஸ்டர் முறையில் போட்டால் ஒரு இடம் மிச்சிகனுக்கு, இதில் போட்டால் ஆர்கன்சாவுக்கு. மற்ற 46 மாநிலங்களுக்கும் எந்த மாற்றமும் இல்லை. ஆர்கன்சா ஜனநாயகக் கட்சியின் கோட்டை, மிச்சிகன் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்த மாநிலம். ஓட்டெடுப்பில் யார் எந்தச் சூத்திரத்தை விரும்பினார்கள் என்று சொல்லவே வேண்டாம். சபையின் அளவு 435 என்று நிலைத்துவிட்டதால், இப்போது 435-வது இடத்துக்கு வரும்போதுதான் மூச்சுப் பிடிக்கிறது. 2020 சென்சஸில் அந்தக் கடைசி இடம் மினசோட்டாவுக்குப் போனது. நியூயார்க்கில் இன்னும் 89 பேர் எண்ணப்பட்டிருந்தால் அது நியூயார்க்குக்குப் போயிருக்கும்.