கார் ஷெட் தரையில் பொருக்கு விட்ட பெயிண்ட்: சுரண்டும் முன்

தரைப் பூச்சு வேலைக்கு என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு நாள் தரையோடு மல்லுக்கட்டிக் களைத்த பிறகே அழைக்கிறார்கள். நான் போய்ப் பார்க்கும்போது கார் ஷெட்டின் மூலையில் முனை மழுங்கிய பட்டித் தகடு கிடக்கும், பக்கத்தில் அரை டப்பா தின்னர் இருக்கும், வீட்டுக்காரர் முழங்காலைத் தடவிக்கொண்டு நிற்பார். தரையில் பெயிண்ட் கண்டம் கண்டமாக, உலகப் படம்போல மிச்சமிருக்கும். “பாதி தானாகவே உரிந்து வந்தது, மீதி என்ன செய்தும் வரவில்லை” என்பார். எந்த வீட்டுக்குப் போனாலும் கிட்டத்தட்ட இதே வாக்கியம்தான்.

தானாக உரிந்த அந்தப் பாதிதான் ஆளை ஏமாற்றுகிறது. ஒரு மதியத்தில் முடிந்துவிடும் என்று தோன்றுகிறது. முடியாதபோது எரிச்சல் வருகிறது, கையில் கிடைத்ததையெல்லாம் ஊற்றித் தேய்க்கத் தோன்றுகிறது. அதில் தரைக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, ஆவது மூச்சுக்கு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் முதலில் ஒரு செதிலைக் கையில் எடுங்கள்.

அதைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் வெண்சாம்பல் மாவு ஒட்டியிருந்தால் பெயிண்ட் மேல் பழியில்லை. கான்கிரீட் போட்ட அன்று மேலே மிதந்து வந்த சிமெண்ட் பால் வலுவற்ற மெல்லிய தோலாகக் காய்ந்திருக்கிறது; பெயிண்ட் அந்தத் தோலைத்தான் பிடித்திருந்தது, தோல் உரிந்ததும் கூடவே வந்துவிட்டது. முதுகு வழவழவென்று சுத்தமாக இருந்தால் பெயிண்ட் தரையைக் கவ்வவே இல்லை: கரணையால் கண்ணாடிபோல இழைத்த தரையின் மேல் நேராக அடித்திருப்பார்கள், அல்லது அடியில் எண்ணெய் இருந்திருக்கும். செதில் இருந்த இடத்தில் ஈரமும் வெள்ளை உப்புப் பொடியும் தெரிந்தால் மண்ணிலிருந்து ஓதம் ஏறுகிறது. சக்கரம் நிற்கும் நான்கு இடங்களில் மட்டும் உரிந்திருந்தால் அது வேறு கதை. ஓடி வந்த சூட்டோடு டயர் நிற்கும்போது பெயிண்ட் இளகுகிறது. டயர் ஆறிச் சுருங்கும்போது இளகியதைப் பற்றி இழுக்கிறது. மறுநாள் கார் நகரும்போது உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் டயரோடு போய்விடுகிறது.

ஓதம் என்று சந்தேகம் இருந்தால், பெயிண்ட் முழுதும் போன ஓர் இடத்தில் 45 செ.மீ. சதுரத்துக்குக் கனமான பாலிதீன் தாளை விரித்து, நான்கு ஓரத்திலும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். தாளின் அடியில் நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று பொருள். ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் டி4263 தரக்குறிப்பில் உள்ள முறைதான் இது. தாள் காய்ந்திருக்கிறது என்பதற்காக ஓதமே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். மழைக்காலத்தில் இன்னொரு முறை பார்ப்பது என் வழக்கம்.

வீடு பழையதானால், சுரண்டும் முன் பெயிண்டில் இருக்கக்கூடிய ஈய நஞ்சை நினைக்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 1978-இல் தடை வந்தது. பல நாடுகளில் அதற்கு வெகுகாலம் கழித்தே வந்தது. டப்பாவை எப்போதோ தூக்கி எறிந்திருப்பார்கள், நிறத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. ஒரு செதிலை ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். பதில் வரும்வரை ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே சுரண்டுங்கள், துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வெப்பக்காற்றுக் கருவியைத் தொடவே தொடாதீர்கள். ஷெட்டுக்குப் போட்ட செருப்பு ஷெட்டிலேயே இருக்கட்டும். வீட்டுக்குள் தவழும் குழந்தை இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பெயிண்ட் ரிமூவர் விஷயத்தில் எனக்கே ஓர் அனுபவம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், சாரல் அடிக்கிறதென்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரிமூவர் தடவிக்கொண்டிருந்தேன். முகத்தில் துணி கட்டியிருந்தேன், அது போதும் என்ற நம்பிக்கை. கால் மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு தெறித்தது. எழுந்தபோது கால்கள் பின்னின. மேஸ்திரி சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். திட்டு பிறகு வந்தது, நிறைய வந்தது.

அந்த ரிமூவரின் முக்கியச் சரக்கு டைகுளோரோமீத்தேன். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டியே தேங்கும். குனிந்து வேலை செய்பவனின் மூக்கும் அங்கேதான் இருக்கிறது. உடலுக்குள் போனதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மூடிய அறைகளில் இதை வைத்து வேலை செய்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019-இல் பொதுமக்களுக்கு விற்கும் ரிமூவர்களில் இதைத் தடை செய்தது. தடை எல்லா இடத்திலும் இல்லை. ஆகவே டப்பாவின் பின்புறத்துச் சிறிய எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். தூசிக்கான முகக்கவசம் ஆவியைத் தடுக்காது.

பென்சைல் ஆல்கஹால் சேர்ந்த ரிமூவர்களும் சோயா எண்ணெயிலிருந்து செய்பவையும் மெதுவாக வேலை செய்யும். கெட்டியாகத் தடவி, பாலிதீன் தாளால் மூடி, பல மணி நேரம், சில சமயம் ஓர் இரவு முழுதும், விட வேண்டும். இவற்றுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும், கையுறை வேண்டும். ‘இது சரிப்படவில்லை’ என்பவர்களில் பலர் அரை மணியில் தாளைத் தூக்கிப் பார்த்தவர்கள். சோயா வகையில் ஒரு தொந்தரவு உண்டு: எண்ணெய்ப் பசை தரையில் தங்கிவிடும். எண்ணெய்ப் பசை நீக்கும் டிகிரீசர் போட்டு இரண்டு முறையாவது கழுவாவிட்டால் அடுத்த பெயிண்டும் பொருக்கு விடும். பெட்ரோலையும் தின்னரையும் தரையில் ஊற்றுவது பற்றி நீட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை. ஷெட்டில் கேஸ் வாட்டர் ஹீட்டரோ சார்ஜ் ஏறும் பேட்டரியோ இருக்கும். எதுவுமில்லாவிட்டாலும் விளக்குச் சுவிட்ச் இருக்கும். ஒரு பொறி போதும்.

ஆசிட் ஊற்றினால் பெயிண்ட் போகும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! ஹைட்ரோகுளோரிக் அமிலம் தின்பது சிமெண்டை. பெயிண்ட் நிற்கும் இடம் மேடாக நிற்க, இல்லாத இடம் அரித்துப் பள்ளமாகும். சுவரில் மாட்டிய கருவிகளெல்லாம் அதன் புகையில் துருவேறும். பிறகு சுத்தம் செய்கிறேன் என்று பிளீச்சிங் பவுடரைத் தூவினால் எழுவது குளோரின் வாயு.

மிஞ்சுவது தரையைத் தேய்த்தெடுக்கும் கிரைண்டர். கான்கிரீட்டைத் தேய்க்கும்போது பறப்பதில் படிகச் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலின் அடிவரை போகும் அளவுக்கு நுண்ணியது அது. போனது வடுவாகத் தங்கும். சிலிக்கோசிஸ் என்ற இந்த நுரையீரல் நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. நுரையீரல் புற்றுநோய்க்கும் அது காரணம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு விதி, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் வரையே அனுமதிக்கிறது. தூள் உப்பில் ஒரு மணியின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். கிரைண்டரை உறையில்லாமல் ஓட்டினால் இரண்டு நிமிடத்தில் எதிர்ச்சுவர் தெரியாது.

சக்கரத்தின் மேல் உறை, உறையிலிருந்து குழாய், குழாயின் முனையில் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம்: இவற்றில் ஒன்று குறைந்தாலும் நான் வேலையைத் தொடங்குவதில்லை. வீட்டு வேக்குவம் நுண்தூசியை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் ஊதிவிடும். இத்தனைக்கும் மேல் என்95-க்குக் குறையாத முகக்கவசம் வேண்டும். தாடி வைத்திருப்பவர்களுக்கு அது ஓரத்தில் கசியும். கிரைண்டரை வாடகைக்கு எடுத்துவிட்டு வேக்குவத்தின் வாடகையை மிச்சம் பிடிக்கும் ஆட்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

வரிசையும் முக்கியம். கெட்டியான பெயிண்ட் மேல் நேராகக் கிரைண்டரை வைத்தால் சூட்டில் பெயிண்ட் இளகி வைரச் சக்கரத்தின் பற்களை அடைத்துவிடும். சக்கரம் வழுக்கும், தரை கருகும். முதலில் நீண்ட பிடியுள்ள சுரண்டியால் வருவதை எடுக்க வேண்டும், பிறகு ரிமூவர், கழுவிக் காய்ந்த பின்பே கிரைண்டர். வழித்தெடுத்த சேற்றைச் சாக்கடையில் தள்ளாமல், அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

முழுவதையும் எடுத்தாக வேண்டுமா என்று கேட்பார்கள். டயர் நிற்கும் இடத்தில் ஆம். மற்ற இடங்களில், மிச்சமிருக்கும் பெயிண்டில் கத்தியால் பெருக்கல் குறி கீறி, நடுவில் முனையைக் கொடுத்து நெம்பிப் பார்க்கிறேன். பொடிப்பொடியாக மட்டும் வந்தால் அதை விட்டுவிட்டு மேல்பளபளப்பை மட்டும் தேய்த்துவிடுவேன். பட்டையாகக் கழன்று வந்தால் அங்கே எதுவும் தங்கக் கூடாது. ஓதம் ஏறும் தரையானால் மறுபடி பெயிண்டே வேண்டாம், வெறும் கான்கிரீட்டாக இருக்கட்டும் என்கிறேன். இதனால் சில வேலைகள் கைவிட்டுப் போயிருக்கின்றன.

கடைசியாக, காய்ந்த தரையில் ஆங்காங்கே கொஞ்சம் தண்ணீர் தெளிப்பேன். ஓரிரு நிமிடத்தில் தரை கறுத்து நீரைக் குடித்துவிட்டால் பிரைமர் என்ற அடிப்பூச்சுக்குத் தயார். முத்து முத்தாக நின்றால், வண்டியில் ஏற்றிய கிரைண்டரை மறுபடியும் இறக்குகிறேன்.