எய்தவனையும் கூண்டில் ஏற்றிய வழக்கு

அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில், தென்கிழக்கு 31ஆம் தெருவும் பைன் தெருவும் சந்திக்கும் முனையில், தெருப்பெயருக்கு மேலே ஒரு சிறு பலகை இருக்கிறது. அதில் இருப்பது முலுகெட்டா செராவ் என்ற பெயர். எத்தியோப்பியாவிலிருந்து படிக்க வந்தவர். விமான நிலையத்தில் ஒரு வாடகைக் கார் நிறுவனத்துக்கு வண்டி ஓட்டிப் பிழைத்தார். 1988 நவம்பர் 13 அதிகாலை, நண்பர்கள் அவரை வீட்டருகே இறக்கிவிட்டபோது எதிரே வந்த காரில் மூன்று 'மொட்டைத்தலை' (ஸ்கின்ஹெட்) இளைஞர்கள் இருந்தார்கள், தலையை மழித்துத் திரியும் வெள்ளை நிறவெறிக் கூட்டத்தினர். வழிவிடுவதில் தகராறு தொடங்கியது. ஒருவன் பேஸ்பால் மட்டையால் அவர் தலையில் அடித்தான். அவருக்கு 28 வயது. ஊரில் ஒரு சிறு மகன் இருந்தான்.

அமெரிக்காவில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தருவது என் தொழில். "நல்ல வீட்டுப் பையன் எப்படி இப்படிப்பட்ட கூட்டத்தில் போய்ச் சேருகிறான்?" என்று பெற்றோர் கேட்கும்போது, அந்த முனையில் அன்று இல்லாத ஒருவனைப் பற்றித்தான் நான் சொல்வேன்.

டாம் மெட்ஸ்கர். 1938இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவன். கலிபோர்னியாவில் ஃபால்புரூக் என்ற சிற்றூரில் தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்த்தான். 1970களில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறி அமைப்பில் சேர்ந்து அதன் அம்மாநிலக் கிளைக்கே தலைவனானான். 1980இல் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வென்று நாடாளுமன்றத்துக்கே போட்டியிட்டான், பெரும் தோல்வி. பிறகு 'வெள்ளை ஆரிய எதிர்ப்பு' என்ற பெயரில் சொந்த இயக்கம் கண்டான். தொலைபேசியில் அழைத்தால் பதிவு செய்த வெறுப்புப் பேச்சு கேட்கும். பொதுமக்களுக்கென்று கேபிள் நிறுவனங்கள் ஒதுக்கிய அலைவரிசைகளில் அவன் நிகழ்ச்சி பல நகரங்களில் ஓடியது. அவன் குறிவைத்தது பெரியவர்களை அல்ல. தெருவில் திரிந்த, வீட்டில் ஒட்டாத, கோபத்தைக் கொட்ட இடமில்லாத பையன்களை. அவர்களுக்காகத் தனி இளைஞர் அணி. அதற்குத் தலைவன் அவன் மகன்.

போர்ட்லாண்டுக்கும் ஆள் அனுப்பினான். அங்கிருந்த மொட்டைத்தலைக் குழுவைத் திரட்டவும், எப்படித் தாக்குவது என்று பழக்கவும் கலிபோர்னியாவிலிருந்து ஓர் இளைஞன் போனான். சில வாரங்களில் செராவ் கொல்லப்பட்டார். மூன்று பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். வழக்கமாக இத்தகைய கதைகள் அத்தோடு முடிந்துவிடும்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம்மூரில் சொல்வோம். செராவின் குடும்பத்துக்காக வாதாடிய மோரிஸ் டீஸ் என்ற வழக்கறிஞர் அந்த எய்தவனைத் தேடிப் போனார். கொலை வழக்காக அல்ல, நஷ்டஈட்டு வழக்காக. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தேன், பேசியது என் உரிமை என்று மெட்ஸ்கர் தனக்குத் தானே வாதாடினான். அவன் அனுப்பிய அதே இளைஞன் சாட்சிக் கூண்டில் ஏறி, தன்னை அனுப்பியது யார், எதற்கு என்று சொன்னான். 1990 அக்டோபரில் ஜூரி விதித்தது 1 கோடியே 25 லட்சம் டாலர். அதில் வசூலானது சொற்பமே. ஆனால் வீடு போயிற்று, இயக்கத்தின் முதுகெலும்பு முறிந்தது. 1983இல் கிளான் பாணியில் சிலுவை எரித்த ஒரு கூட்டத்துக்காகவும் பிறகு சிறிது காலம் சிறையில் இருந்தான். மனம் மட்டும் மாறவில்லை. அமைப்பு வேண்டாம், ஒவ்வொருவனும் தனி ஓநாயாகத் தாக்கட்டும் என்று போதித்தான். 2020இல், 82 வயதில் இறந்தான்.

அந்தத் தனி ஓநாய்ப் பேச்சுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது. இன்றைய பையனுக்குத் தொலைபேசி எண்கூட வேண்டாம். இணைய விளையாட்டின் அரட்டை அறை போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் பதினைந்து வயது வெள்ளைக்காரப் பையன் ஒருவனை அவன் தாய் அழைத்துவந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். முதல் நாள் அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மேசைமேல் இருந்த என் கைகளையே பார்த்தான், அவற்றின் நிறத்தை. பேசியதெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியங்கள். நான் மறுத்து வாதாடவில்லை. வாதாடினால் அந்த வாக்கியங்கள் இறுகும். மூன்றாவது சந்திப்பில், இந்த வாக்கியங்களைச் சொல்லித் தந்தவர்களை எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டேன். "என் பிறந்தநாளை நினைவு வைத்திருந்தது அவர்கள்தான்" என்றான். சொல்லும்போது சட்டைக் கையின் நுனியை இழுத்து விரல்களை மறைத்துக்கொண்டான்.

வெறுப்பு இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் வருவது பரிவு. எனவே பெற்றோரிடம் நான் கேட்பதும் அதைத்தான்: பழைய நண்பர்கள் திடீரென்று விலகினார்களா? இரவெல்லாம் அவனோடு பேசும் 'அண்ணன்' யார்? 'சும்மா வேடிக்கைக்குச் சொன்னேன்' என்ற பதில் எந்தப் பேச்சுக்கெல்லாம் வருகிறது? கைபேசியைப் பிடுங்குவது பெரும்பாலும் அவனை அந்த அண்ணனிடமே தள்ளிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தாக்குவதைப் பற்றியோ ஆயுதத்தைப் பற்றியோ பேச்சு வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். காவல்துறையிடம் சொல்லியே ஆகவேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு, இக்கூட்டங்களிலிருந்து வெளியே வந்தவர்களே தொடங்கிய 'லைஃப் ஆஃப்டர் ஹேட்' என்ற அமைப்பும் உதவுகிறது.

அந்தப் பையனிடம் பல மாதம் கழித்துச் செராவைப் பற்றிச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்த மகன் என்ன ஆனான்?" என்றான். குடும்பத்துக்காக நின்ற வழக்கறிஞர்களில் ஒருவர் அவனை அமெரிக்காவுக்கு வரவழைத்துத் தன் பிள்ளையாக வளர்த்தார், அவன் விமானி ஆனான் என்றேன். அன்றுதான் முதல் முறையாக அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.