லயபிலிட்டி: பொறுப்பா, கடப்பாடா?

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி, சேரன்மாதேவி வழியாகப் பாபநாசம் போய்த் திரும்புகிற சைக்கிள் கூட்டம் எங்களுடையது. ஒருமுறை சேரன்மாதேவி தாண்டி, எங்கள் தம்பி ஒருவன் வாழைத்தார் ஏற்றி வந்த சைக்கிளை உரசிவிட்டான். நல்லவேளை, ஆளுக்கு அடியில்லை. இரண்டு தார் ரோட்டில் நசுங்கிப்போயின. வந்த பெரியவர் கேட்டது இவ்வளவுதான்: "ஏய்யா, இதுக்கு யாரு ஈடு கட்டுவா?"

"நாங்க பாத்துக்கிடுதோம் அண்ணாச்சி" என்று கையிலிருந்ததைத் திரட்டிக் கொடுத்தோம். அப்புறம்தான் குழுவுக்கு, நம்மால் அடுத்தவருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் 'லயபிலிட்டி இன்சூரன்ஸ்' வேண்டும் என்ற பேச்சே வந்தது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

லயபிலிட்டியின் வேர், 'கட்டு' என்று பொருள்படும் லத்தீன் 'லிகாரே'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அடுத்தவர் இழப்போடு நம்மைக் கட்டிப்போடுவது. தமிழில் 'பொறுப்பு' வேறு தடத்தில் வருகிறது. பொறு என்றால் தாங்கு, சும. சிலர் 'கடப்பாடு' என்று எழுதுகிறார்கள். அழகான சொல்தான். ஆனால் 211ஆம் குறளில் 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்பது மழைபோலப் பதில் எதிர்பாராமல் செய்யும் உதவி. வழக்குக்குப் பயந்து எடுக்கிற பாலிசிக்கு அதை இழுப்பது எனக்கு ஒப்பவில்லை.

இன்சூரன்ஸுக்குக் 'காப்பீடு' நிலைத்துவிட்டது. காப்பு, ஈடு. படு பாடு ஆவதுபோல, இடு நீண்டு ஈடு. இழப்பீட்டில் இருப்பதும், நிலத்தை ஈடு வைப்பதில் இருப்பதும், பெரியவர் வாயில் வந்ததும் இதே ஈடுதான்.

சரி, பொறுப்புக் காப்பீடு என்றே வைத்துக்கொள்வோம். இதைத் தனிநபர் விபத்துக் காப்பீட்டோடு குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். விபத்துக் காப்பீட்டுப் பணம் விழுந்து அடிபட்ட நம் ஆளுக்கு. பொறுப்புக் காப்பீட்டுப் பணம் நாம் இடித்த மூன்றாம் மனிதருக்கு. மோட்டார் வண்டி என்றால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். மிதிவண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 'பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1991' என்று ஒன்று இருக்கிறதே என்றால், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். போபால் விஷவாயுவுக்குப் பிறகு, அபாயகரமான பொருட்களைக் கையாளும் ஆலைகளுக்காக வந்தது அது.

எங்கள் குழுவில் சேருகிறவர்களிடம் 'என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்' என்று கையெழுத்து வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறோம். வாழைத்தார் பெரியவர் அதில் கையெழுத்துப் போடவில்லையே.